"நரம்பே கெடைக்கல" என்கிறார் சிஸ்டர்.. அவர் தேடுவது நரம்பே இல்லை! நம் நரம்பு மண்டலம் எப்படி வேலை செய்கிறது?

தி.நகரில் காலை 7 மணிக்கு ஏதாவது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். வெறும் வயிற்றோடு டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களில் ஒருவருக்காவது இந்த உரையாடல் நடக்கும்.

"அம்மா, கையை நல்லா மூடுங்க. நரம்பே கெடைக்க மாட்டேங்குது."

"எனக்கு எப்பவுமே அப்படித்தான் சிஸ்டர். அந்தக் கையில பாருங்க, அதுல நரம்பு நல்லாத் தெரியும்."

இருவருமே பேசுவது நரம்பைப் பற்றி அல்ல. முழங்கையின் உட்புறம் பச்சையும் நீலமுமாகத் தெரிவது சிரை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ஊசி நிஜமாகவே நரம்பில் பட்டிருந்தால் அந்த அம்மா கரண்ட் அடித்ததுபோலக் கையை இழுத்துக்கொண்டிருப்பார். விரல் நுனி வரை சுரீர் என்று ஓடியிருக்கும்.

பேச்சு வழக்குதானே, இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒன்றும் இல்லைதான். ஆனால் வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு கை தொங்கிப்போய்விடுகிறது. "நரம்பு இழுத்துக்கிச்சு, எண்ணெய் போட்டு நீவி விடு, சரியாயிடும்" என்று யாரோ ஒரு பெரியவர் சொல்கிறார். அங்கே இந்தச் சொல் குழப்பம் மணிக்கணக்கில் நேரத்தைத் தின்றுவிடுகிறது. அந்த மணி நேரங்களில் என்ன போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நரம்பு மண்டலம் எப்படி அமைந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்?

வெற்றிலையின் முதுகில் கிள்ளி எடுப்பது நரம்பு. காலில் முடிச்சு முடிச்சாகப் புடைத்து நிற்பதை "நரம்பு சுருட்டல்" என்கிறோம், அது சிரை. குதிகாலுக்கு மேலே கெட்டியான கயிறுபோல் தட்டுப்படுவதையும் நரம்பு என்கிறோம், அது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். தூங்கி எழுந்ததும் கழுத்தில் "நரம்பு பிடிச்சிக்கிச்சு" என்றால் பெரும்பாலும் அது வெறும் தசைப்பிடிப்பு.

தமிழ் படித்த ஆசைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சங்க இலக்கியத்தில் பல இடங்களில் நரம்பு என்பது யாழில் கட்டிய தந்தி. ஏழு சுரங்களையே ஏழு நரம்பு என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. மயிலாப்பூர் சபாக்களில் வீணையைப் பற்றிப் பேசும்போது இன்றும் நரம்புக் கருவி என்றுதானே சொல்கிறோம்!

இதற்காகத் தமிழை மட்டும் குறை சொல்ல முடியாது. இன்று உலகமே சொல்லும் 'நியூரான்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் முதல் பொருள் தசைநாண், வில்லின் நாண் என்பதுதான். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் ஹெரோஃபிலஸ் என்ற மருத்துவர் உடல்களை அறுத்துப் பார்த்தார். மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் கிளம்பும் வெள்ளை நார்கள் ரத்தக் குழாயும் இல்லை, தசைநாணும் இல்லை, அவை தனி என்று பிரித்துச் சொன்னவர் அவர்தான். பொருளைப் பிரித்தாரே தவிர பழைய சொல் மாறவில்லை.

சுருக்கமாக, சிரையும் தமனியும் ரத்தம் ஓடும் குழாய்கள். தசைநாண் இழுக்கும் கயிறு. நரம்பு இரண்டையும் செய்யாது, அது செய்தியை மட்டும் கொண்டுபோகும். அதனால் நரம்பு "சுருட்டிக்கொள்வதும்" இல்லை, நீவி விட்டால் "நேராவதும்" இல்லை.

சரி, உண்மையான நரம்பு எப்படி இருக்கும்?

வெளிர் வெள்ளை நிறத்தில் நூல்போல இருக்கும். உடலிலேயே தடிமனானது இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்கும் சயாடிக் நரம்பு. அது கிட்டத்தட்ட ஒரு விரல் பருமன். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கேபிளுக்குள் கம்பிகள்போல ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் ஒரு நியூரானின், அதாவது நரம்பு செல்லின் வால். பள்ளிப் புத்தகத்தில் இதை ஆக்சான் என்று படித்திருப்பீர்கள். முதுகுத் தண்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு செல்லின் ஆக்சான் கால் பெருவிரல் வரை போகிறது. கண்ணுக்குத் தெரியாத மெலிவு, ஆனால் நீளம் சுமார் 1 மீட்டர்!

இந்த இழையில் ஓடும் மின்சாரம் வீட்டு ஒயரில் ஓடுவதுபோல இல்லை. செல்லின் சுவரில் உள்ள மிகச் சிறிய கதவுகள் திறந்து சோடியம் உள்ளே வரும், அடுத்து பொட்டாசியம் வெளியே போகும். இந்தக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடிக்கொண்டே போவதுதான் நரம்பின் செய்தி.

சோடியம் என்றதும் ஞாபகம் வரும். வீட்டுப் பெரியவர்கள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் டாக்டர் முதலில் எழுதும் டெஸ்ட்களில் ஒன்று சோடியம். ரத்தத்தில் அது சட்டென்று குறைந்தால் மூளை செல்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை வீங்கும். குழப்பம், தூக்கக் கலக்கம், சில நேரம் வலிப்பு வரை போகும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவாங்க" என்று விட்டுவிடக் கூடாத விஷயம் இது.

ஒரு நியூரானின் முனைக்கும் அடுத்த நியூரானுக்கும் நடுவே நூலிழையைவிடப் பல மடங்கு சிறிய இடைவெளி உண்டு. அதுதான் சைனாப்ஸ். மின் செய்தி அங்கே நின்றுவிடும். முனையிலிருந்து வேதிப்பொருள் கொட்டி, அது அடுத்த செல்லைத் தட்டி எழுப்பும். மனச்சோர்வுக்கும் பார்க்கின்சனுக்கும் தரும் பல மாத்திரைகள் வேலை செய்வது இந்த வேதிப்பொருள்களின் மீதுதான்.

இனி வேகம். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். இடித்தது உடனே தெரியும். "ஐயோ, இப்ப வலிக்கப் போகுது" என்று நினைக்கக்கூட நேரம் இருக்கும். அதற்கப்புறம்தான் அந்த எரியும் வலி வந்து சேரும். காரணம், இரண்டும் வேறு வேறு இழைகளில் வருகின்றன. சில இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு. உறை போட்ட தடிமனான இழையில் செய்தி நொடிக்கு 120 மீட்டர் வரை பாயும். மணிக்கு 430 கி.மீ.க்கு மேல், வந்தே பாரத்தைவிட வேகம். உறை இல்லாத மெல்லிய வலி இழையில் நொடிக்கு 1 மீட்டர் அளவுதான், நாம் நடக்கும் வேகம்.

இந்த உறை போனால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரியில் செய்திகளில் பார்த்தோம். மகாராஷ்டிராவின் புனேயில் பலரைத் தாக்கிய குய்லான் பாரே சிண்ட்ரோம் நோயில், உடலின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக நரம்புகளைத் தாக்குகிறது. பெரும்பாலும் அடி வாங்குவது மையலின். காலில் தொடங்கும் பலவீனம் மேலே ஏறி மூச்சு விடும் தசை வரை போகலாம். வைட்டமின் பி12 குறைந்தாலும் மையலின் கெடும். பால்கூட அதிகம் எடுக்காத சைவ உணவுக்காரர்களும், சுகருக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களும் கை கால் மரத்துப்போனால் பி12 அளவைப் பார்க்க வேண்டும்.

மூளை: அடையாறு பக்கத்தில் வரையப்பட்ட வரைபடம்

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி என்று கிளம்பி உடம்பெல்லாம் பரவுவது புற நரம்பு மண்டலம்.

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி. நினைப்பு, பேச்சு, பார்வை எல்லாவற்றையும் கவனிக்கும் பெருமூளையில்தான் இவை அதிகம் இருக்கும் என்று நினைப்போம். இல்லை. பின்னந்தலையில் ஒரு கைப்பிடி அளவே இருக்கும் சிறுமூளையில்தான் சுமார் 6,900 கோடி நியூரான்கள் குவிந்திருக்கின்றன. நடை தள்ளாடாமல், டம்ளர் குறி தவறாமல் வாய்க்கு வருவது அதன் தயவு. மது உள்ளே போனதும் நடை தள்ளாடுவதற்கு ஒரு காரணம் சிறுமூளை தடுமாறுவதுதான். கீழே மூளைத்தண்டு. மூச்சும் இதயத் துடிப்பும் அதன் பொறுப்பு.

இவ்வளவு செல்களும் கருவில் எப்படி இடம் பிடிக்கின்றன? இந்தக் கேள்விக்கு உலகம் இன்று திறந்து பார்க்கும் வரைபடங்களில் ஒன்று சென்னையில் தயாரானது. அடையாறை ஒட்டி, சர்தார் படேல் சாலையில் இருக்கும் ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பர் 10-ஆம் தேதி 'தரணி' என்ற முப்பரிமாண மூளை வரைபடத்தை வெளியிட்டது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரும் ஐஐடி மெட்ராஸின் முன்னாள் மாணவருமான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தந்த நிதியில் உருவான மையம் இது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் இதன் தலைவர்.

பிறக்காமல் போன 5 சிசுக்களின் மூளைகள், 14 முதல் 24 வாரம் வரையிலான கருப் பருவத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் தலைமுடியைவிட மெலிதான துண்டுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, தனித்தனி செல் தெரியும் அளவுக்குப் படம் எடுத்தார்கள். மொத்தம் 5,132 மூளைத் துண்டுகளின் படங்கள். மயிலாப்பூரில் உள்ள மெடிஸ்கேன் மையமும் சவீதா மருத்துவக் கல்லூரியும் இதில் கைகோத்தன. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் திறந்து பார்க்கலாம்.

இதனால் நமக்கு என்ன பயன்? 5-ஆம் மாதத்தில் கர்ப்பிணிகளுக்குக் குறைபாடுகளைக் கண்டறியும் ஸ்கேன் எடுக்கிறார்கள் அல்லவா? அதில் மூளை சாம்பல் நிற நிழலாகத்தான் தெரியும். நியூரான்கள் பிறந்து, தங்கள் இடத்தைத் தேடி நகர்ந்து போகும் முக்கியமான காலம் அது. அந்த நிழலுக்குள் செல் அளவில் என்ன நடக்க வேண்டும், எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படை வேண்டும். வரைபடம் தருவது அதைத்தான்.

இதோடு ஒட்டிய ஒரு தகவல், கல்யாணமான புதிதில் யாரும் சொல்லித் தராதது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி சுமார் 28 நாளில் மூடிவிடும். "நாள் தள்ளிப்போச்சு" என்று உறுதி செய்து டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

சென்னைக்கும் மூளைக்கும் உள்ள உறவு ஐஐடியில் தொடங்கியது இல்லை. சீர்காழியில் 1922-ல் பிறந்த டாக்டர் பி.ராமமூர்த்தி, இங்கிலாந்தில் பயிற்சி முடித்து வந்து 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டிலேயே முதலாவதாக இந்தத் துறையைத் தொடங்கியிருந்தார். 1951-ல் இவர்கள் உட்பட 4 பேர் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை ஆரம்பித்தது சென்னையில். ராமமூர்த்தி பின்னாளில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையின் நரம்பியல் மையத்தை வளர்த்தெடுத்தார்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நோயாளிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதே 1971-ல், லண்டனில். அதற்கு முன்பு உலகம் முழுக்க மூளைக் கட்டியைத் தேட, முதுகில் ஊசி போட்டு மூளை நீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். தாங்க முடியாத தலைவலி வரும். மற்றபடி, எந்த விரல் அசையவில்லை, எந்தக் கண் திறக்கவில்லை, எந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை என்பதை வைத்து மூளைக்குள் எங்கே கோளாறு என்று கணக்குப் போட வேண்டும். இன்றும் நரம்பியல் டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டி, மூக்கைத் தொடச் சொல்லி, "என் விரலைப் பாருங்க" என்று நேரம் எடுத்துக்கொள்வது அந்தக் கணக்குக்காகத்தான். ஸ்கேன் எழுதாமல் விளையாடுகிறாரே என்று நினைக்க வேண்டாம்.

அந்தக் கணக்கு பலிப்பதற்குக் காரணம், மூளையின் மேற்பரப்பில் நம் உடலுக்கு ஒரு வரைபடம் இருப்பதுதான். விரல்களுக்கும் உதட்டுக்கும் பெரிய இடம், முதுகுக்குச் சின்ன இடம். விபத்தில் கை போனாலும் மூளையில் அந்தக் கைக்கான இடம் இருக்கும். அதனால்தான் சிலருக்கு இல்லாத கை வலிக்கிறது. இதற்குக் கண்ணாடி வைத்த ஓர் எளிய பெட்டியைக் கொண்டு தீர்வு தேடியவர் வி.எஸ்.ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து, அமெரிக்காவின் சான்டியாகோவில் ஆய்வு செய்தவர். மயிலாப்பூரில் வாழ்ந்த சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்து அசைக்கும்போது, இல்லாத கையே அசைவதாக மூளை எடுத்துக்கொள்ள, சிலருக்கு வலி குறைந்தது.

சுடும் டம்ளரும் தண்டுவடமும்

டபராவிலிருந்து டம்ளரைத் தூக்குகிறீர்கள். கொதிக்கிறது. கை தானாக விலகிவிடுகிறது. "சுடுது" என்று தெரிவது அதற்கு அப்புறம்தான். சூடு என்ற செய்தி தண்டுவடத்துக்கு வந்ததுமே, மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்காமல், "கையை எடு" என்று அங்கிருந்தே பதில் போய்விடும். இதுதான் அனிச்சைச் செயல். மூளைக்குத் தகவல் மட்டும் போகும்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது சுமார் 45 செ.மீ. நீளம்தான், இடுப்பின் மேல் பகுதியிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால்போலத் தொங்கும், மருத்துவத்தில் பெயரே குதிரை வால்தான். சிசேரியனுக்கு முன் முதுகில் ஊசி போடுவது இந்தக் கீழ்ப்பகுதியில். அங்கே குத்துப்பட தண்டுவடமே கிடையாது. "அந்த ஊசியாலதான் எனக்கு ஆயுசுக்கும் முதுகுவலி" என்று அத்தைமார்கள் சொல்வதைக் கேட்டு ஆபரேஷன் தியேட்டரில் நடுங்கும் பெண்களுக்காக இந்தத் தகவல்.

நாம் கேட்காமலே வேலை செய்யும் பகுதி

ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். போனைக் காணோம். ஒரு நொடியில் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. இது பரிவு நரம்பு மண்டலம். இன்னொரு பாக்கெட்டில் போன் இருக்கிறது. மெல்ல மெல்ல எல்லாம் அடங்குகிறது. இது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததில் வந்த பெயர் இது. நெஞ்சைப் பதற வைப்பதற்குப் 'பரிவு' என்று பெயர் வைத்தவர் யாரோ! குடலின் சுவரிலும் கோடிக்கணக்கான நியூரான்கள் உண்டு. பரீட்சைக்கு முன் வயிறு கலக்குவது சும்மா இல்லை.

குழப்பத்துக்கு விலை கொடுப்பது எங்கே?

முதலில் பக்கவாதம். பெயரிலேயே 'வாதம்' இருப்பதால் வாயு, பிடிப்பு, எண்ணெய் என்று மனம் போகிறது. கை விழுந்துவிட்டது என்பதற்காகக் கையில் கோளாறு என்று அர்த்தம் இல்லை. மூளைக்குப் போகும் தமனி அடைத்திருக்கிறது, அல்லது வெடித்திருக்கிறது. இடது பக்க மூளை பாதித்தால் வலது கை, கால் விழும். அப்போது கையை நீவுவது, மெயின் போர்டில் ஃபியூஸ் போனதற்கு ஃபேன் இறக்கையைத் துடைப்பது மாதிரி.

பெரிய ரத்தக் குழாய் அடைத்தால் சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று 2006-ல் ஒரு மருத்துவக் கணக்கு வெளியானது. செத்த நியூரான் திரும்ப முளைக்காது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் குழாய் வழியாகக் கட்டியையே வெளியே எடுக்கலாம், தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட. இரண்டுக்கும் சீக்கிரம் போகப் போகப் பலன் அதிகம்.

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? ஊர், பேர் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. விழுங்கும் தசையும் விழுந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நெஞ்சுவலிக்குக் கொடுப்பதுபோல ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் சொல்ல முடியாது, கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே ஆபத்து.

முகம் மட்டும் கோணுவது வேறு காரணத்தாலும் வரும். முகத்துக்கு வரும் 7-ஆம் மூளை நரம்பு வீங்கினால் ஒரு பக்க முகம் முழுக்க, நெற்றி உட்பட, அசையாது. டாக்டர் "புருவத்தைத் தூக்குங்க" என்று சொல்வது இதைப் பிரித்தறியத்தான். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருவதால், பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பித்துவிடும். ஆனால் இந்தச் சோதனையை வீட்டில் செய்து முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்து வலிப்பு. மூளையில் நியூரான்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புவதுதான் வலிப்பு. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அந்த நேரத்துக்குள் யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணித்திருப்பார்கள், அதனால்தான் நின்றது என்று பேர் ஆகிவிட்டது. இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், மணியைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனை.

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணும் இல்லண்ணே" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் மெதுவாகத் தேங்கினால் சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் மயக்கமும் வரும். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஒரு உச்சவரம்பு வரை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. காசுக்குப் பயந்து வீட்டுக்குப் போக வேண்டாம்.

நாய்க்கடியும் நரம்பு விஷயம்தான் என்பது பலருக்குத் தெரியாது. ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் கலந்து ஓடுவது இல்லை. கடிபட்ட இடத்தின் நரம்புக்குள் நுழைந்து, அதன் வழியாகவே மெல்ல மூளைக்கு ஏறுகிறது. மூளைக்குப் போய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. அது ஏறுவதற்குள் முந்திக்கொள்ளத்தான் தடுப்பூசி. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட வேண்டும். "தொப்புளைச் சுத்தி 14 ஊசி" என்ற பயம் இன்னும் போகவில்லை. அது ஆட்டு மூளைத் திசுவில் செய்த பழைய மருந்து. சிலருக்கு அந்த மருந்தே நரம்பு பாதிப்பைக் கொண்டுவந்தது. 2004 டிசம்பரோடு இந்தியாவில் அது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுவது கையில்.

பங்குனி வெயிலில் கபாலீஸ்வரர் கோயில் பிராகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு ஓடாமல் நடப்பவர் ஒருவர் இருந்தால், அது பக்தியாகவும் இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். சர்க்கரை நோய் முதலில் கெடுப்பது உடலின் நீளமான நரம்புகளை, அதாவது பாதத்துக்குப் போகும் நரம்புகளை. மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம் தெரியாது. வீட்டுக்கு வந்து, சாக்ஸில் ஈரம் பார்த்த பிறகுதான் புண் இருப்பதே தெரியும். விரலை எடுக்கும் நிலைமை பல நேரம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும், வருடத்துக்கு ஒருமுறை பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்வதும் இவர்கள் எல்லோருக்கும் உரியது. அறுபத்து மூவர் உற்சவத்துக்கு மாட வீதிகளில் சுற்றப் போகிறவர்கள் சாமி கும்பிடும் நேரம் தவிர மற்ற நேரத்தில் செருப்பு போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, சுவரில் ஒட்டியிருக்கும் அந்த 'நரம்புத் தளர்ச்சி' போஸ்டர். நரம்பு யாழ்த் தந்தி மாதிரி தளர்ந்து தொங்குவதில்லை. 1869-ல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் பியர்டு பரப்பிய ஒரு நோய்ப் பெயர் இப்படி ஒரு பொருள் கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில் அது தனி நோயாக இல்லை. ஆனால் கை நடுக்கம், சோர்வு, தூக்கமின்மையோடு வருபவருக்கு நிஜமாகவே ஏதோ இருக்கிறது. தைராய்டு, மனப்பதற்றம், பார்க்கின்சன், பரம்பரை நடுக்கம், மாத்திரையின் பக்க விளைவு என்று எதுவாகவும் இருக்கலாம். லேகியம் வாங்கிச் சாப்பிட்டுக் கடத்தும் ஒவ்வொரு மாதமும் அது எது என்று தெரியாமலே போகிறது. கல்யாண வயசுப் பையன்களைப் பயமுறுத்திக் காசு பார்க்கும் இந்தத் தொழிலைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

அப்போ எந்த "நரம்பு டாக்டர்"?

காலில் சிரை புடைத்திருந்தால் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர். குதிகால், தோள்பட்டையில் தசைநாண் வலி என்றால் எலும்பு டாக்டர். மரத்துப்போதல், நடுக்கம், வலிப்பு, பக்கவாதம், நாள்பட்ட தலைவலி இதெல்லாம் நரம்பியல் மருத்துவர். மூளைக் கட்டி, தலைக்காயம், தண்டுவடத்தை அழுத்தும் டிஸ்க் என்றால் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். பதற்றமும் தூக்கமின்மையும் என்றால் மனநல மருத்துவர். சந்தேகமாக இருந்தால் முதலில் உங்கள் குடும்ப டாக்டரிடம் போங்கள். ஆனால் "நரம்புல பிரச்சினை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில், எப்போதிருந்து, வலியா, மரத்துப்போவதா, பலவீனமா என்று சொல்லுங்கள். அவர் சுத்தியலைக் கையில் எடுத்தால் காலைத் தொங்கப் போட்டுத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.